பிளாப்பி ஏடுகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சித்திரை மாதத்து நடுப்பகலில் பிரயாணம் செய்தவர்கள், 'வானம் பார்த்த பூமி' என்னும் வார்த்தைக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இருபுறமும் வாய் பிளந்து கிடக்கும் நிலம். அதை வளைத்துக்கொண்ட சீமைக் கருவேல். தண்ணீர் எப்போது வருமென்று மல்லாந்து பார்த்துக்கொண்டிருக்கும் கண்மாய்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, யாருடைய தயவையும் எதிர்பாராமல் நிமிர்ந்து நிற்பது பனை ஒன்றுதான். முன்பு ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்திருந்து, 1985-ம் வருஷம் முதல் விருதுநகர் ஜில்லாவில் அடங்கிய சீமை இது. குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியில்தான் 1879-ல் பகவான் ரமண மகரிஷி அவதரித்தார். ஆகவே தூர தேசத்தார்கூட இந்த ஊரின் பெயரை அறிவார்கள். நாம் சென்றது ஆன்மிக விஷயமாக அல்ல. ஒரு பரணைச் சுத்தம் செய்வதற்காகச் சென்றோம்.

திருச்சுழிக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நம்முடைய பெரியப்பா நெடுங்காலம் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயராக இருந்து, சில வருஷங்களுக்கு முன் காலமானார். வீட்டை ஒழுங்கு பண்ணுகையில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கிற்று. அதில் இரண்டு பொருள்கள் சேர்ந்து இருந்தன. ஒன்று, நம் பாட்டனாருடைய பாட்டனார் காலத்து ஓலைக் கட்டு. மற்றொன்று, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கறுப்புச் சதுரத் தகடு. இரண்டின் மேலும் உலர்ந்து பொடியாய்ப் போன வேப்பிலை தூவியிருந்தது.

"அவுக அதை உசுரா வச்சிருந்தாகப்பா. எழுதின நோட்டு, தாள் எல்லாத்தையும் கறையான் தின்னுபோட்டது. இதுல எல்லாம் இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார் பெரியம்மா.

ஓலைக் கட்டைப் பக்கத்துத் தெரு வைத்தியரிடம் கொண்டுபோனோம். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, முதலில் தடுமாறி, பிறகு சுதாரித்து, அது மாட்டு வைத்திய வாகடம் என்று அவர் வாசித்துச் சொல்லிவிட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எழுத்தாணி பிடித்தவர் எழுதியதைப் படிக்க ஒரு கண்ணாடி போதுமாயிருந்தது. ஆனால் 1996-ல் எழுதிய அந்தக் கறுப்புத் தகட்டைத் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் எத்தனையோ கம்ப்யூட்டர் கடைகளில் காட்டினோம். வாங்கிப் பார்த்தவர்களெல்லாம் ஒரு மியூசியப் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஓர் இளைஞர், "இது என்ன ஸார், ஸேவ் பண்ணுகிற படம் மாதிரி இருக்கிறதே!" என்றார். கம்ப்யூட்டர் திரையில் 'சேமி' என்பதற்கு அடையாளமாகப் போட்டிருக்கும் சின்னச் சித்திரத்தைத்தான் அவர் அறிவார். அந்தச் சித்திரத்துக்குரிய மூலத்தை அன்றுதான் முதல் முறையாகக் கண்டார்.

அந்தத் தகடுதான் பிளாப்பி.

தட்டின் வரலாறு

பிளாப்பி என்றால் தொளதொளவென்று வளைவது என்று பொருள். 1971-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட முதல் தட்டு எட்டு அங்குல அகலமிருந்தது. 1976-ல் ஐந்தே கால் அங்குலத் தட்டு பிறந்தது. 1981-ல் ஜப்பானின் ஸோனி கம்பெனி மூன்றரை அங்குலத் தட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடக்கிக் கொடுத்தது. கூடு கெட்டியே தவிர, உள்ளே சுழல்வது பாலியெஸ்டர் என்னும் மெல்லிய ஏடுதான். அதன் இரு முகத்திலும் காந்தத் தன்மையுள்ள துகள் பூசியிருக்கும். யந்திரத்தினுள் அது நிமிஷத்துக்கு 300 சுற்றுச் சுற்றும். முகத்துக்கு 80 வட்டப் பாதை. பாதைக்கு 18 கூறு. கூறு ஒன்றுக்கு 512 எழுத்து. பெருக்கிப் பார்த்தால் பதினாலு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் எழுத்து வரும். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கிற புகைப்படம் பெரும்பாலும் அதில் அடங்காது. ஆனால் திருக்குறளின் 1330 பாவையும் எழுதினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு நிரம்பாது. ஆதலால் அது சின்னப் பொருளா, பெரிய பொருளா என்பது அதில் நாம் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2011-ம் வருஷத்தோடு ஸோனி கம்பெனி ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. அப்படியும் அது முற்றும் சாகவில்லை. அமெரிக்காவின் அணு ஆயுதப் படையிலே கட்டளை அனுப்பும் ஏற்பாடு ஒன்று 2019 வரையில் எட்டு அங்குலத் தட்டைத்தான் நம்பியிருந்தது. தட்டிலும் வேறு பழைய சாதனங்களிலும் பதிந்துதான் மனுக்களைக் கொடுக்க வேண்டுமென்ற தங்கள் பழைய விதிகளை ஜப்பான் சர்க்கார் எடுத்துத் தீர்த்தது 2024-ல்! சர்க்கார் ஆபீஸ்களின் வேகம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் என்பதில் நமக்குக் கொஞ்சம் ஆறுதல் ஏற்படுகிறது.

பைத்தியக்காரர்கள்

நாம் கையில் தகட்டோடு அலைந்துகொண்டிருக்கையில், மதுரையில் ஒரு 'பைத்தியக்காரர்' இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். இந்தப் பட்டத்தை அவருடைய குடும்பத்தாரே அவருக்குச் சூட்டியிருக்கிறார்கள். தொழிலால் எஞ்சினியர். வீட்டின் மாடியறையில் குடியிருப்பவை நாற்பது வருஷத்துக்கு முந்திய வீட்டுக் கம்ப்யூட்டர்கள். பழைய இரும்புக் கடைகளில் நிறுத்து வாங்கியவை சில. நண்பர்கள் வேண்டாமென்று தள்ளியவை சில.

இப்படிப்பட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஒரு தலைமுறை முழுவதற்கும் கம்ப்யூட்டர் என்பது முதன்முதலில் வீட்டுக் கூடத்துக்கு வந்த காலம் 1977-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவில் ஆப்பிள் இரண்டு 1977-ல் வந்தது. இங்கிலாந்தில் ஏகான் கம்பெனியின் பி.பி.ஸி. மைக்ரோ 1981-லும், ஸிங்க்ளேர் கம்பெனியின் ஸ்பெக்ட்ரம் 1982-லும் வந்தன. அதே 1982-ல் வெளிவந்த கமடோர் 64 என்பது ஒரு கோடிக்கு மேல் விற்றது. டெலிவிஷன் பெட்டியோடு இணைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்கிற ஒலிநாடாவிலேயே எழுதியதைச் சேமித்து வைக்கலாம். கொஞ்சம் வசதியிருந்தால் பிளாப்பி யந்திரமும் சேர்த்து வாங்கலாம். விசையைத் தட்டினால் 'தயார்' என்று சொல்லி அந்த யந்திரம் நம் கட்டளைக்காகக் காத்து நிற்கும். இன்றைய யந்திரங்கள் நம்மிடம் அவ்வளவு மரியாதையாக இருப்பதில்லை. நாம்தான் அவற்றின் கட்டளைக்குக் காத்திருக்கிறோம்.

பிளாஸ்டிக் மூடிகள் காலத்தால் மஞ்சளித்துப் போகின்றன. தீப்பிடிக்காமலிருக்க அதில் கலந்த ரசாயனமே அதற்குக் காரணம் என்று சொல்லுகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பூசி வெயிலில் காய வைத்தால் மறுபடி வெளுக்கிறது. "இங்கிலாந்தில் இதற்கு வெயில் கிடைக்காமல் புற ஊதா விளக்குப் போடுகிறார்கள் ஸார். இந்த ஒரு விஷயத்தில் நாம்தான் பணக்காரர்கள்!" என்றார் மதுரை நண்பர்.

இதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்லவேண்டும். 1086-ம் வருஷம் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம் மன்னன் தன் ராஜ்யத்து நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து ஒரு புஸ்தகம் எழுதுவித்தான். 'டூம்ஸ்டே' புஸ்தகம் என்று அதற்குப் பெயர். தோலில் எழுதிய அந்தப் புஸ்தகத்தை இன்றைக்கும் வாசிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டைக் கொண்டாட 1986-ல் பி.பி.ஸி.யார் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்டு, அவரவர் ஊரைப் பற்றி எழுதச் செய்து, லேஸர் தட்டுகளில் பதிந்தார்கள். எழுதியவர்களில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் ஏராளம். பதினைந்தே வருஷத்துக்குள் அந்தத் தட்டுகளைப் படிக்கும் யந்திரம் அபூர்வமாகிவிட்டது. 2002-ல் ஆராய்ச்சிக்காரர்கள் படாத பாடுபட்டு, புதிய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கச் செய்து அதை மீட்டார்கள். தோல் ஏடு தொள்ளாயிரம் வருஷம் இருந்தது. லேஸர் ஏடு பதினைந்து வருஷத்தில் மூச்சுத் திணறியது.

2012-ல் ஜோர்டன் மெக்னர் என்பவருடைய தகப்பனார் வீட்டு அலமாரியைக் குடைகையில் ஒரு பெட்டி அகப்பட்டது. 'பாரசீக ராஜகுமாரன்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை ஆப்பிள் இரண்டிற்காக மெக்னர் எழுதி வெளியிட்டது 1989-ல். அதன் மூல எழுத்து தொலைந்துபோயிற்று என்றே அவர் நம்பியிருந்தார். பெட்டிக்குள் அது பிளாப்பிகளாக இருந்தது. பழைய யந்திரங்களைக் கட்டிக்கொண்டு அழுகிற நண்பர்கள்தான் வந்து உட்கார்ந்து அதைப் படித்துக் கொடுத்தார்கள். ஆண்டி வார்ஹால் என்ற அமெரிக்க ஓவியர் 1985-ல் அமிகா கம்ப்யூட்டரில் தீட்டிய சித்திரங்களும் 2014-ல் இப்படியே பிளாப்பிகளிலிருந்து வெளிவந்தன. அவற்றை மீட்டவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் சர்வகலாசாலையின் கம்ப்யூட்டர் சங்கத்து மாணவர்கள்.

நமது தேசத்தில் இந்த ரகப் பைத்தியம் குறைவு. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. எண்பதுகளில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் என்பது இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாக்கனி. சுங்க வரி அப்படி. ஸ்பெக்ட்ரம் இங்கே 'டி.பி. ஸ்பெக்ட்ரம்' என்ற பெயரில் சிறிது காலம் உலவிற்று. 1984–85-ல் இந்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் முதலில் சுமார் 250 பள்ளிக்கூடங்களுக்குப் பி.பி.ஸி. மைக்ரோக்களை அளித்து, பிறகு அதை விரித்தது. அக்காலத்து மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்ற கட்டளை நினைவிருக்கும். கோயிலுக்கு அடுத்தபடியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். இவ்வளவு பக்தியோடு வைத்திருந்த யந்திரங்களைக் காலம் மாறியதும் நாம் எடைக்கு எடை போட்டோம். பி.பி.ஸி. மைக்ரோவைச் செய்த அதே ஏகான் கம்பெனியார் 1985-ல் உருவாக்கிய 'ஆர்ம்' என்னும் மூளையின் வம்சம்தான் இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. பேரனைத் தோளில் சுமந்துகொண்டு பாட்டனாரைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளியவர்கள் நாம்.

இரண்டாவது பூட்டு

மதுரை நண்பர் நம் தகட்டை வாங்கி, முன்னுள்ள உலோகக் கதவைச் சற்றே நகர்த்தி, விளக்கில் பிடித்துப் பார்த்தார். "பூஞ்சணம் இல்லை. நல்லவேளை, உங்கள் ஊர் வறண்ட ஊர்" என்றார்.

வறட்சிக்காக நம் சீமையை ஒருவர் பாராட்டக் கேட்டது அதுதான் முதல் தடவை. தட்டுக்குப் பரம சத்துரு ஈரக் காற்று. பூஞ்சணம் படிந்த தட்டை அப்படியே யந்திரத்தில் நுழைத்தால், படிக்கும் முனை அதை உழுதுவிடும்; முனையும் கெடும்; அடுத்து நுழைக்கிற நல்ல தட்டும் கெடும். எகிப்து தேசத்துப் பாலைவனத்துத் துறைமுகங்களாகிய பெரெனிகேயிலும் குஸைர் அல்-கதீமிலும் சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் அகப்பட்டிருக்கின்றனவே, அவை அத்தனை காலம் மணலுக்கடியில் காத்துக் கிடந்ததும் வறண்ட பூமியில்தான்.

ஆனால் தட்டைப் படித்து முடித்தால் வேலை தீர்ந்துவிடும் என்று நாம் எண்ணியது தவறு. தமிழ்த் தட்டுக்கு இரண்டு பூட்டு.

கம்ப்யூட்டரில் தமிழை ஏற்ற வேண்டுமென்று எந்தப் பெரிய கம்பெனியும் ஆரம்பத்தில் கவலைப்படவில்லை. கவலைப்பட்டவர்கள் தனி மனிதர்கள். அவர்களிலும் பலர் தாய்நாட்டை விட்டுத் தொலைவில் இருந்தவர்கள். கனடாவில் ஸ்ரீநிவாசன் என்பவர் எண்பதுகளில் 'ஆதமி' என்ற தமிழ் எழுதும் கருவியைச் செய்தார். மலேயாவில் ஸ்ரீ முத்து நெடுமாறன் 1985-ல் 'முரசு' தொடங்கினார். சிங்கப்பூரில் ஆசிரியராயிருந்த நா. கோவிந்தசாமி அவர்கள் 'கணியன்' அமைத்தார். ஸ்விட்ஸர்லாந்தில் ரசாயன விஞ்ஞானியாகிய டாக்டர் கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்தை வடித்து, யாரும் இலவசமாக உபயோகிக்கக் கொடுத்தார். சுதேசி என்ற வார்த்தைக்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேண்டுமா? ராட்டையைத் தேசத்துக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு சுற்றியதுதான் வித்தியாசம்.

எனினும் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் எழுத்தை வைத்தார்கள். யந்திரம் அறிந்தது எண் மட்டுமே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் ஒப்பந்தம். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் முன்பே முடிந்திருந்தது. தமிழர்கள் ஆங்கில எழுத்தின் ஸ்தானங்களிலேயே தமிழ் உருவங்களைக் குடியேற்றினார்கள். 'பாமினி' என்ற பிரபலமான எழுத்தில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரிவாள். ஆனால் தட்டில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்து இல்லாத கம்ப்யூட்டரில் அந்தத் தட்டைத் திறந்தால் அம்மா மறைந்து அந்த ஐந்தும்தான் நிற்கும். வேறொரு கம்பெனியின் எழுத்தைப் போட்டால் வேறு ஏதேனும் உளறல் வரும். இத்தகைய எழுத்துகள் எத்தனை எத்தனையோ தோன்றின. ஓர் அச்சுக்கூடத்தில் அடித்த தட்டை அடுத்த தெரு அச்சுக்கூடத்தில் படிக்க முடியாது என்ற நிலைமை தமிழ்நாட்டில் பல வருஷம் இருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பழைய எழுத்துகளில் 'கெ' என்று எழுத, ஈயெழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டரைப் போல, முதலில் கொம்பை எடுத்து வைத்துப் பிறகு ககரத்தை வைப்பார்கள். இன்று உலகம் ஒப்புக்கொண்ட யூனிகோடு முறையில் ககரம் முதலில், கொம்பு பின்னால். ஆகையால் பழையதைப் புதிதாக்குவது என்றால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. வரிசையையும் திருப்பிப் போடவேண்டும். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1997-ல் சிங்கப்பூரிலும் 1999-ல் சென்னையிலும் அறிஞர்கள் கூடி ஒழுங்கு காண முயன்றார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் யூனிகோடை முறையாக ஏற்றுக்கொண்டது 2010-ல். அதற்கு முந்திய இருபத்தைந்து வருஷ காலத்தில் தமிழர்கள் கம்ப்யூட்டரில் எழுதியதெல்லாம்—கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், பத்திரம், கவிதை, ஊர்ச் சரித்திரம்—பெரும்பாலும் இந்த இரட்டைப் பூட்டுக்குள் இருக்கிறது. அச்சானது பிழைத்தது. அச்சாகாதது பரணில் இருக்கிறது.

1887-ல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த மகாமகோபாத்தியாய டாக்டர் சாமிநாதையரவர்கள் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியது நமக்கெல்லாம் தெரியும். ஓலை இருநூறு முந்நூறு வருஷம் நிற்கும். அதற்குள் யாரேனும் ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்து எழுதிவிட்டால் நூல் பிழைத்தது, இல்லாவிட்டால் போயிற்று. பிளாப்பிக்கு அந்த அவகாசம் இல்லை; அதன் கணக்கு முப்பது, நாற்பது வருஷம்தான். 1985-லும் 1995-லும் எழுதியவற்றைப் பெயர்த்து எழுதவேண்டிய காலம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்தவர்களோ, வீட்டார் பைத்தியம் என்று சொல்லுகிற இந்த மாடியறைக்காரர்கள்தான். 1998-ம் வருஷப் பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றி அடித்துச் சேமித்து, எழுத்து முறை மாறிய போதெல்லாம் கூடவே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சங்க நூல்கள் அதனால் க்ஷேமமாயிருக்கின்றன. சங்கப் புலவர்களுக்கு அந்த வசதி உண்டு. நம் பெரியப்பாவுக்கு யார் உண்டு?

தட்டு பேசியது

நண்பர் ஒரு பழைய பிளாப்பி யந்திரத்தை எடுத்து, படிக்கும் முனைகளை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, அதைத் தீப்பெட்டியளவான ஒரு பச்சைப் பலகையோடு இணைத்தார். 'கிரீஸ்வீசல்' என்று அதற்குப் பெயர். அதன் அமைப்பை யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று அதை ஆக்கியவர் பகிரங்கமாக விட்டிருக்கிறார். சாதாரண யந்திரம் ஒரு கூற்றைப் படிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் கையை விரித்துவிடும். இது அப்படியல்ல. எழுத்து என்ன என்பதைப் பற்றி முதலில் கவலையே படாது. தட்டு சுழல்கையில் காந்தத்தின் திசை எந்த எந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போகும். அந்தக் கணம் என்பது ஒரு விநாடியை லட்சம் லட்சமாக நறுக்கின நுணுக்கம். ஒரே பாதையைப் பல தடவை சுற்றிப் பல தடவை குறித்துக்கொண்டு, பிற்பாடு சாவகாசமாக அவற்றை ஒப்பிட்டு எழுத்தைத் தேறலாம். சிதைந்த ஏட்டைப் பல பிரதிகளோடு ஒப்பு நோக்கிப் பாடம் தீர்மானிக்கிற அதே வேலை. ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கிறது. அது ஒத்துவந்தால் அந்தக் கூறு பழுதில்லை என்று நிச்சயம்.

யந்திரம் கரகரவென்று சத்தம் போட்டது. திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை நிறம் ஏறிற்று. நாம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அறுபதாவது பாதைக்கு மேல் சில சிவப்புக் கட்டங்கள். நண்பர் தட்டை வெளியே எடுத்து, முனையைத் துடைத்து, மறுபடி ஓட்டினார். இரண்டு சிவப்பு பச்சையாயிற்று. மறுபடி ஓட்டினார். இவ்வாறு மாலை வரையில் நடந்தது. முடிவில் ஐந்து கூறுகள் மட்டும் சிவப்பாகவே நின்றன.

பன்னிரண்டு கோப்புகள். முதலாவதைத் திறந்ததும் எதிர்பார்த்தபடியே ஆங்கில எழுத்துகளின் மழை. நண்பர் சில வரிகளை உற்றுப் பார்த்து, அடிக்கடி வரும் குறி எது, எது எதன் பக்கத்தில் வருகிறது என்றெல்லாம் கணக்குப் போட்டு, நாலாவது முயற்சியில் அட்டவணையைப் பிடித்துவிட்டார். திரையில் தமிழ் தோன்றிற்று. நம் பெரியப்பாவின் நடை! 'முன்னுரை' என்று தலைப்பிட்டு, தமக்குத் தெரிந்த கண்மாய்களின் பெயர்களைத் தாம் தொகுத்ததற்குக் காரணம் கூறியிருந்தார்.

கண்மாய்தான் விஷயம். ஒவ்வொரு கண்மாய்க்கும் எத்தனை மடை, மடையின் பெயர் என்ன, கலுங்கு எந்தத் திசை, உபரித் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, வரத்துக்கால் எந்த எந்தப் புஞ்சையின் ஓரமாக வருகிறது, பஞ்ச காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சியபோது யார் யாருக்கு எத்தனை நாழிகை என்று கிழவர்களையும் மடைக் குடும்பன்மார்களையும் விசாரித்து எழுதி, அருப்புக்கோட்டையில் ஒரு கடையில் கூலி கொடுத்து அடித்து வைத்திருக்கிறார். அதை அச்சிடப் பணம் சேரவில்லை.

நாம் ஏன் இதற்கு இவ்வளவு அவசரப்பட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊர் இளைஞர்கள் சேர்ந்து, கருவேல் மண்டி மேடாகிப்போன ஒரு வரத்துக்காலை வெட்டித் தூர் வார முடிவு செய்திருந்தார்கள். கால் எங்கே ஓடிற்று என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி தெற்கு என்கிறது. ஒரு கட்சி மேற்கு என்கிறது. தெற்கே வெட்டினால் சிலருடைய புஞ்சை போகும். மேற்கே வெட்டினால் வேறு சிலருடையது. விவகாரம் கைகலப்பு வரையில் வந்து நின்றிருந்தது. "உபாத்தியாயர் எழுதி வச்சிருக்காரு, அதைப் பார்ப்போம்" என்று இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டதனால்தான் நாம் தகட்டைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தோம்.

வரத்துக்காலைப் பற்றிய கோப்பு ஒன்பதாவது. முழுசாக இருந்தது. மேற்கே புறப்பட்டு, பாதித் தூரத்தில் ஓர் இச்சி மரத்தண்டை தெற்கே திரும்புகிறது என்று எழுதியிருந்தார். இரண்டு கட்சியும் பாதி சரி!

திரும்பும் வழியில் அருப்புக்கோட்டையில் பஸ் மாறவேண்டியிருந்தது. நெசவாளர் தெரு வழியாக நடந்தோம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சேலைக் கரைக்குப் பூவேலை செய்யும் ஜக்கார்டு தறிகளில் துளையிட்ட அட்டைகளைச் சங்கிலியாகத் தைத்து மேலே தொங்கவிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். துளை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. 1804 வாக்கில் பிரெஞ்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் உருப்படுத்திய யுக்தி அது. அதே துளை அட்டை யோசனையைத்தான் ஹொல்லரித் என்ற அமெரிக்கர் 1890-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்கு உபயோகித்தார். அதன் வழியிலே வந்ததுதான் ஐ.பி.எம்.; ஐ.பி.எம்.மிலிருந்து பிளாப்பி. நெசவாளிக்குத் தறி இருக்கிறவரையில் அட்டை பேசும். தறியை விற்றுவிட்டு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டால் அது வெறும் துளை. மாடியறை நிறைய யந்திரங்களை அடைத்துவைத்திருக்கும் மதுரை நண்பரின் நியாயம் நமக்கு அந்தத் தெருவில்தான் முழுதாக விளங்கிற்று.

சிவப்பாக நின்ற ஐந்து கூறுகள் பன்னிரண்டாவது கோப்பைச் சேர்ந்தவை. ஐந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு, சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு எழுத்து. அச்சில் ஒரு பக்கத்துக்குச் சற்று அதிகம். மடை திறக்கும்போது பாடுகிற பாட்டுகளை அதில் எழுதியிருக்கிறார். முதல் பாட்டு இருக்கிறது. கடைசிப் பாட்டின் பாதி இருக்கிறது. நடுவில் எத்தனை பாட்டு இருந்ததென்று தெரியவில்லை. கிராமத்தில் விசாரித்தோம். ஒரு கிழவி இரண்டு வரி சொன்னார். இன்னொருவர் அது அப்படி அல்ல என்று வேறு இரண்டு வரி சொன்னார்.

தகட்டைத் திருப்பிக் கொடுக்கையில் மதுரை நண்பர் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். பெரியப்பா தம் முத்து முத்தான கையெழுத்தில் 'திருத்தியது – 2' என்று எழுதியிருந்தார்.

"இரண்டு என்றால் ஒன்று இருந்திருக்க வேண்டுமே ஸார்" என்றார் நண்பர். "பாட்டுப் பகுதியைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தாரானால் அதில் முழுசாக இருக்கும்."

மறுநாள் காலையில் பெரியம்மா ஏணியைப் பிடித்துக்கொள்ள, நாம் மறுபடியும் பரண்மேல் ஏறினோம். பழைய பஞ்சாங்கங்கள், உடைந்த ராட்டை ஒன்று, ஒரு பெட்டி நிறையப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் இறங்கியிருக்கின்றன. முதல் தட்டு இன்னும் அகப்படவில்லை. மாட்டுக் கொட்டகைப் பரண் பாக்கி இருக்கிறது.